இலவசக் கூப்பனைக் கொண்டுபோனால் "இந்தக் கிளையில் செல்லாது" என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் வேறு யாருக்கும் இப்படி நடந்ததா?

கொக்குவிலான்

கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுமையாக வாசியுங்கள். நகரத்தில் இருக்கும் ஒரு பெயர்பெற்ற துரித உணவுக் கடையின் கிளைக்கு மனைவி, பிள்ளைகள், மாமி எல்லோருமாகப் போனோம். கடையின் பெயரை எழுதவில்லை, அதைக் கேட்காதீர்கள். கையில் கூப்பன் தாள் இருந்தது. நல்லூர்த் திருவிழா நேரம் பருத்தித்துறை வீதியில் அந்தக் கடையின் சட்டை போட்ட பெடியன் ஒருவன் போவோர் வருவோர் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு நின்றான், அப்படி வாங்கிய தாள்தான். பெரிய பர்கர் செட் ஒன்று வாங்கினால் இன்னொரு பர்கர் இலவசம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. முடிவுத் திகதி வர இன்னும் நாள் இருந்தது.

ஓடர் சொல்லி, காசு கட்டி, பில் வந்த பிறகு தாளை நீட்டினேன். கவுண்டரில் நின்ற பிள்ளை புரட்டிப் பார்த்துவிட்டு "இது இங்கே செல்லாது அண்ணா, கொழும்புக் கிளைகளுக்குத்தான்" என்றது. யாழ்ப்பாணத்தில் வைத்து எங்கள் கையில் தந்த தாள் கொழும்புக்கு மட்டும் என்றால் என்ன நியாயம்? எங்கே அப்படி எழுதியிருக்கிறது என்று கேட்டேன். மனேஜர் வந்து அடியில் இருந்த பொடி எழுத்து ஆங்கில வரியைக் காட்டினார். "பங்கேற்கும் கிளைகளில் மட்டும்" என்பதுதான் அதன் பொருள். எந்தெந்தக் கிளைகள் என்று தாளிலும் இல்லை, கடைச் சுவரிலும் இல்லை. அப்படியானால் ஓடரை ரத்துச் செய்யுங்கள் என்றேன். பில் அடித்தால் ரத்துச் செய்ய முடியாதாம்.

பின்னால் வரிசை நின்றது, மாமி கையைப் பிடித்து இழுத்தா, சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டோம். ஆனால் விடுவதாக இல்லை. இதைப் பற்றி யாரிடம் முறையிடலாம், முறையிட்டால் பலன் உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரியாலை ராசன்

தம்பி, ஒரு பர்கருக்காக இவ்வளவு பெரிய கதையா? நாங்கள் கூப்பன் மட்டையோடு சங்கக் கடை வாசலில் அரிசிக்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற சனம். சும்மா தருகிறோம் என்று ஒருவன் சொல்லிவிட்டுத் தராமல் விட்டால் விட்டுவிட்டு வர வேண்டியதுதான். பிள்ளைகளுக்கு முன்னால் கடையில் வாக்குவாதப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சுன்னாகம் அக்கா

ராசன் அண்ணை, உங்கள் வயதுக்கு மரியாதை தந்தே சொல்கிறேன், இதில் சும்மா தருவது எதுவும் இல்லை. அந்தத் தாள் இல்லாவிட்டால் அவர்கள் அன்றைக்கு அந்தக் கடைக்கே போயிருக்க மாட்டார்கள். ஐந்து பேர் உள்ளே வந்து, ஒரு செட் வாங்கி, சோடா வாங்கி, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கி, பில் கட்டிய பிறகு "அது செல்லாது" என்றால் கடைக்கு வர வேண்டிய இலாபம் வந்துவிட்டது, வாடிக்கையாளருக்கு வர வேண்டியது மட்டும் வரவில்லை. வெட்கப்பட வேண்டிய ஆள் தாளை நீட்டியவர் என்று ஏன் நினைக்கிறோம்? எங்கள் ஊரில் இந்தக் கூச்சத்தை நம்பித்தான் பாதிப்பேர் வியாபாரம் செய்கிறார்கள். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தாலே நாங்கள் வாயை மூடிக்கொண்டு காசைக் கட்டிவிட்டு வந்துவிடுவோம்.

எனக்கும் வேறு ஒரு கடையில் நடந்தது. "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்று பலகை வைத்திருந்தார்கள். உள்ளே போனால், அன்றைய சலுகை விலைக்கு அது பொருந்தாதாம், முழு விலைக்கு எடுத்தால்தான் மற்றது இலவசமாம். முழு விலைக்கும் சலுகை விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்தால் "இலவசம்" என்ற பொருளின் விலையில் அரைவாசியை நான்தான் கட்டுகிறேன். பிறகு அந்த இலவசப் பெட்டிக்குப் பொதி செய்யும் காசும் தனியாகப் போட்டார்கள். பலகையில் இதில் ஒரு சொல்லும் இல்லை.

கவுண்டரில் நின்றவன்

நான் இப்படியான ஒரு கடையில் கவுண்டரில் வேலை செய்தவன், இப்போது இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று சொன்னால் உங்களுக்கு உதவும்.

கூப்பன் வந்தால் நாங்கள் கையால் விலையைக் குறைக்க முடியாது. பில் மெஷினில் அந்தச் சலுகைக்கு ஒரு குறியீடு இருக்கும், அதைக் கொழும்பில் இருந்துதான் ஏற்றுவார்கள். ஏற்றவில்லை என்றால் கூப்பன் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் மெஷின் எடுக்காது. அப்படி நடந்தால் மனேஜர் தன் கடவுச்சொல்லைப் போட்டு ஒரு பொருளைப் பூச்சியமாக்கலாம், ஆனால் அது அவருடைய கணக்கில் கழிவாக விழும், மாத முடிவில் ஏன் என்று கேட்பார்கள். இந்தப் பயத்தில்தான் பல மனேஜர்மார் "இந்தக் கிளையில் செல்லாது" என்று சொல்லித் தப்புகிறார்கள். கொக்குவில் அண்ணாவுக்கு நடந்ததும் இதுவாக இருக்கலாம். பில் அடித்தால் ரத்துச் செய்ய முடியாது என்றது சரியான பதில் இல்லை. நான் வேலை செய்த இடத்தில் மனேஜரால் முடியும், எழுத்து வேலை கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. கூப்பன் தாளைக் கலர் ஃபோட்டோக் கொப்பி அடித்துக் கட்டாகக் கொண்டுவருகிற ஆட்களும் வந்தார்கள். ஒரே படத்தை ஃபோனில் வைத்துக்கொண்டு ஒரு வகுப்பே ஒருவர் பின் ஒருவராக வந்த நாளும் உண்டு. வாங்கிய கூப்பனைப் பில் கொப்பியோடு சேர்த்துத் தைத்து அனுப்ப வேண்டும், எண்ணிக்கை குறைந்தால் அந்த முறை கவுண்டரில் நின்ற எங்களிடம்தான் விளக்கம் கேட்பார்கள். அதனால் தயவுசெய்து கவுண்டரில் நிற்கும் பிள்ளையைப் பேசாதீர்கள். சம்பளத்துக்கு நிற்கிற அந்தப் பிள்ளைக்கு அந்தச் சலுகையை முடிவெடுத்தவர் யார் என்றுகூடத் தெரியாது. நேரே மனேஜரைக் கூப்பிடுங்கள், ஓடர் சொல்வதற்கு முன் கூப்பனைக் காட்டுங்கள், "செல்லாது" என்றால் காரணத்தைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கையொப்பம் வைத்துத் தரக் கேளுங்கள். எழுதச் சொன்னால் பாதி இடங்களில் கூப்பன் திடீரென்று செல்லுபடியாகும், கண்ணால் பார்த்திருக்கிறேன்.

திருநெல்வேலிப் பெடியன்

வட்ஸ்அப்பில் வருகிற கூப்பன் லிங்குகள் பற்றியும் சொல்லுங்கள் அண்ணா. "ஆண்டு நிறைவு, எல்லோருக்கும் இலவசச் சாப்பாடு, நாலு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இருபது பேருக்கு அனுப்புங்கள்" என்று கம்பஸ் குழுக்கள் முழுக்க வருகிறது.

கவுண்டரில் நின்றவன்

இருபது பேருக்கு அனுப்பு என்றால் பொய், தொடாதே தம்பி. உண்மையான சலுகை என்றால் கம்பனியின் சொந்தச் செயலியிலோ சொந்தப் பக்கத்திலோ இருக்கும். வங்கிக் கணக்கு, அட்டை இலக்கம், ஓ.டி.பி. கேட்டால் அது நேரடித் திருட்டு.

ஸ்கார்பரோ சிவா

ஊர் இழையில் புகுந்து எழுதுவதற்குக் குறை நினைக்க வேண்டாம். இது வட அமெரிக்காவில் பல தடவை வெடித்த பிரச்சினை என்பதால் சொல்கிறேன்.

2009 மே மாதம் அமெரிக்காவில் ஓப்ரா வின்ஃப்ரியின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கே.எஃப்.சி. புதிதாகக் கொண்டுவந்த கிரில் கோழிக்கு இலவசக் கூப்பன் அறிவித்தார்கள். இணையத்தில் இறக்கி அச்சடித்துக்கொண்டு போனால் ஒரு முழுச் சாப்பாடு. ஒரு கோடிக்கு மேற்பட்ட கூப்பன்கள் இறக்கப்பட்டன. கடைகளில் கோழி முடிந்தது, வரிசை வீதிக்கு வந்தது, சில கடைக்காரர் கூப்பனை எடுக்கவே மறுத்தார்கள், கடைசியில் கம்பனியே சலுகையை நிறுத்தியது. தலைவர் வீடியோவில் மன்னிப்புக் கேட்டார். கூப்பன் வைத்திருந்தவர்கள் படிவம் நிரப்பிக் கொடுத்தால் பிறகு ஒரு நாளைக்குச் சாப்பாடும் கூடவே ஒரு பெப்சியும் தருவதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகும் வழக்குகள் வந்தன, 15 இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்துத்தான் இணக்கத்துக்கு வந்தார்கள்.

அதற்கு முன் 2006 இல் ஸ்டார்பக்ஸ் கோப்பிக் கடைக் கம்பனி, தென்கிழக்கு மாநிலங்களில் தன் கடைகளில் வேலை செய்வோருக்கு ஒரு மின்னஞ்சல் கூப்பன் அனுப்பி, உங்கள் நண்பர், குடும்பத்துக்கும் அனுப்புங்கள் என்றது. எத்தனை பேருக்கு என்று எல்லை போடவில்லை. நாடு முழுக்கப் பரவியதும் "இனிச் செல்லாது" என்றார்கள். நியூயோர்க்கில் ஒரு பெண் 11 கோடி 40 இலட்சம் டொலர் கேட்டு வழக்குப் போட்டார். எல்லை போடாமல் அனுப்பியது கம்பனியின் பிழை, அந்தப் பிழையின் சுமையை வாடிக்கையாளர் ஏன் சுமக்க வேண்டும் என்பதுதான் அப்போது எல்லோரும் கேட்ட கேள்வி.

இப்போது "பங்கேற்கும் கிளைகளில் மட்டும்" என்ற வரிக்கு வருவோம். அந்த வரி அங்கே ஏன் பிறந்தது என்று தெரிந்தால் இங்கே எவ்வளவு தூரம் பொருந்தும் என்று விளங்கும். அமெரிக்காவில் ஒவ்வொரு கிளையும் பெரும்பாலும் தனித்தனி முதலாளிக்குச் சொந்தம். அவர்கள் அந்தக் கடைப் பெயரைப் பாவிப்பதற்கான பங்கைத் தாய்க் கம்பனிக்கு மொத்த விற்பனையின் வீதத்தில் கட்டுகிறார்கள், இலாபத்தின் வீதத்தில் அல்ல. அதனால் விலையைக் குறைத்துக் கூட்டத்தை இழுத்தால் தாய்க் கம்பனிக்கு வருமானம் கூடும், கிளை முதலாளி ஒவ்வொரு பர்கரிலும் நட்டப்படுவார். 2009 கடைசியில் பர்கர் கிங் கிளை முதலாளிகளின் சங்கம், இரட்டைச் சீஸ்பர்கரை 1 டொலருக்கு விற்கச் சொல்லி எங்களைக் கட்டாயப்படுத்தாதே என்று தாய்க் கம்பனிமீதே வழக்குப் போட்டது. தயாரிக்கவே 1 டொலருக்கு மேல் ஆகிறது என்பது அவர்களுடைய வாதம். அப்படித் தனி முதலாளிகள் இருக்கும் இடத்தில் "விரும்பிய கிளை மட்டும்" என்ற வரிக்கு ஓர் அர்த்தம் உண்டு. இலங்கையில் பெரிய பெயர்கள் பெரும்பாலும் நாடு முழுவதற்கும் ஒரே கம்பனியின் கையில் இருக்கின்றன. மக்டொனால்ட்ஸ் 2024 மார்ச்சில் உள்ளூர்ப் பங்காளியோடு பிணங்கியபோது நாட்டில் இருந்த 12 கடைகளும் ஒரே நாளில் மூடப்பட்டதை நினைத்துப் பாருங்கள். கொழும்புக் கிளையும் யாழ்ப்பாணக் கிளையும் ஒரே முதலாளி என்றால், யாழ்ப்பாணத்தில் தாளைக் கொடுத்துவிட்டுக் கொழும்பில் மட்டும் செல்லும் என்று சொல்வதற்கு அந்த வரி ஒரு சாட்டு மட்டுமே.

சட்டம் படிக்கிறவள்

சிவா அண்ணா கடைசியில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தொடர்கிறேன். சட்டம் படிக்கிறேன், இன்னும் சட்டத்தரணி இல்லை, அதை மனத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். அதன் 30 ஆம் பிரிவு, வியாபாரி எவரும் பாவனையாளரைத் தவறாக வழிநடத்துகிற, ஏமாற்றுகிற, அல்லது அப்படி ஏமாற்றக்கூடிய நடத்தையில் ஈடுபடக்கூடாது என்கிறது. கடைசிச் சொற்களைக் கவனியுங்கள். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் மனேஜருக்கு இருந்ததா இல்லையா என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை, சாதாரண ஆள் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்து ஏமாறக்கூடியதா என்பதே போதும். யாழ்ப்பாண வீதியில் கொடுத்த தாளைப் பார்த்தவர் அது யாழ்ப்பாணத்தில் செல்லும் என்றுதானே நினைப்பார்? 31 ஆம் பிரிவு பொய்யான விளம்பர விளக்கங்களைப் பற்றியது.

அதே சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி முறைப்பாட்டை எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். விசாரித்த பிறகு நட்டஈடு கொடுக்கவோ, காசைத் திருப்பவோ அதிகாரசபை கட்டளையிடலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம், ஆனால் அழைத்ததோடு நிற்க வேண்டாம், கடுதாசி கொடுங்கள். மாவட்ட அலுவலகம் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இருக்கிறது.

"இலவசம் என்பதால் சட்டப்படி கேட்க உரிமை இல்லை" என்று கடைக்காரர் சொன்னால் இரண்டு பதில். ஒன்று, கொக்குவில் அண்ணாவின் கூப்பன் முழு இலவசம் அல்ல, செட் வாங்கினால்தான் பர்கர், காசும் கட்டியாயிற்று, ஆகவே அது விற்பனைதான். இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலச் சட்டத்தில் ஒருவர் கொடுத்த வாக்குக் கட்டுப்படுத்த வேண்டும் என்றால் மற்றவர் பதிலுக்கு ஏதோ ஒரு கைம்மாறு கொடுத்திருக்க வேண்டும். இலங்கையில் ஒப்பந்தங்களுக்கு அடிப்படை ஒல்லாந்தர் கொண்டுவந்த றோமன் டச்சுச் சட்டம். 1918 இல் ஜயவிக்ரம எதிர் அமரசூரிய வழக்கில் அப்போது இலங்கை வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் கோமறைக் கழகமே, இங்கே அந்தக் கைம்மாறு தேவையில்லை, நேர்மையான காரணத்தோடு மனமறிந்து கொடுத்த வாக்கு என்றால் கட்டுப்படுத்தும் என்று ஏற்றுக்கொண்டது. ஆகவே சும்மா தருகிறேன் என்று சொன்ன சொல்லுக்கும் எங்கள் சட்டத்தில் எடை உண்டு.

விளம்பரம் எல்லாமே வாக்கு ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். பொதுவாக அது வாங்க வரச் சொல்லும் அழைப்பு மட்டும்தான். ஆனால் 1892 இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த கார்லில் வழக்கில், எங்கள் புகை உருண்டையை (மூக்கால் இழுக்கும் ஒரு மருந்து) சொன்னபடி பாவித்தும் சளிக்காய்ச்சல் வந்தால் 100 பவுண் தருவோம், அதற்கு 1000 பவுணை வங்கியில் வைத்திருக்கிறோம் என்று விளம்பரம் போட்ட கம்பனி, கேட்டு வந்த பெண்ணிடம் "அது வெறும் விளம்பரம்" என்றபோது நீதிபதிகள் ஏற்கவில்லை. சொன்னதைச் செய்தவர் எவராக இருந்தாலும் அவருக்குக் கொடு என்றார்கள். என்ன செய்ய வேண்டும், என்ன கிடைக்கும், எந்தத் திகதிவரை என்று மூன்றும் தெளிவாக இருக்கும் கூப்பன் இந்தப் பக்கத்துக்குத்தான் நெருக்கம்.

கரவெட்டி ஆசிரியர்

இவ்வளவு கதைத்தும் ஒருவரும் மொழியைத் தொடவில்லை. பெரிய எழுத்தில் "இலவசம்" என்பது தமிழில் அழகாக இருக்கும். நிபந்தனை மட்டும் ஆங்கிலத்தில், அதுவும் எறும்பு அளவில். என் அம்மா தமிழ் மட்டும் வாசிப்பவர், அவருக்கு அந்தத் தாள் சொல்வது இலவசம் என்ற ஒன்றைத்தான். ஆசை காட்டுவது ஒரு மொழியில், கட்டுப்பாடு இன்னொரு மொழியில் என்றால் அதைத்தான் நான் முதலில் தவறாக வழிநடத்துவது என்று சொல்வேன். முறைப்பாடு எழுதுபவர்கள் இந்த வரியை விட்டுவிடாதீர்கள்.

அரியாலை ராசன்

கடையில் நின்று வாக்குவாதப்படக்கூடாது என்பதில் நான் இப்போதும் நிற்கிறேன். கடுதாசி எழுதுவது வேறு விஷயம், அது முறையான வழி. பிள்ளை, சட்டம் படிக்கிறவர், எப்படி எழுதுவது என்று ஒரு மாதிரி போட்டுவிடுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு ஆரம்பிக்கத்தான் கஷ்டம்.

சட்டம் படிக்கிறவள்

சரி ஐயா, போடுகிறேன். முதலில் கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கு, பதினாலு நாள் பொறுத்து அதே பிரதியை அதிகாரசபைக்கு.

"ஐயா / அம்மணி, [திகதி] அன்று [நேரம்] அளவில் உங்கள் யாழ்ப்பாணக் கிளையில் [பொருள்] வாங்கினேன். பில் இலக்கம் [ ]. உங்கள் ஊழியர் யாழ்ப்பாணத்தில் வைத்துத் தந்த கூப்பனில், இதை வாங்கினால் [பொருள்] இலவசம் என்றும் [திகதி] வரை செல்லும் என்றும் உள்ளது. அதைக் கொடுத்தபோது இந்தக் கிளையில் செல்லாது என்று மறுத்தார்கள். எந்தக் கிளைகளில் செல்லும் என்ற விபரம் கூப்பனிலும் இல்லை, கடையிலும் ஒட்டப்படவில்லை. நிபந்தனை தமிழில் இல்லை. வாக்களித்த பொருளையோ அதன் விலையையோ பதினாலு நாளுக்குள் தரும்படியும், இனிவரும் கூப்பன்களில் கிளை விபரத்தையும் நிபந்தனையையும் தமிழில் அச்சிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன். கூப்பனின் இரு பக்கப் படமும் பில்லின் படமும் இணைத்துள்ளேன்."

மனேஜரின் பெயர், கவுண்டர்ப் பிள்ளையின் பெயர் எதையும் எழுத வேண்டாம். பில் இலக்கம் இருந்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மூலக் கூப்பனை ஒருபோதும் அனுப்பாதீர்கள், பிரதி போதும். இன்னும் ஒன்று, பில் தாள் சில மாதத்தில் வெளுத்துவிடும், வீட்டுக்கு வந்ததும் படம் எடுத்துவிடுங்கள்.

சுன்னாகம் அக்கா

எனக்கு நடந்ததற்கு மூன்று மாதம் இன்னும் ஆகவில்லை. நாளைக்கே எழுதுகிறேன். பலகையைப் படம் எடுத்திருந்தேன், அதுவும் இருக்கிறது.

கொக்குவிலான்

எல்லோருக்கும் நன்றி. மேலே இருக்கும் மாதிரியில் என் விபரத்தைப் போட்டு மின்னஞ்சலில் அனுப்பினேன், இன்று காலை பதில் வந்தது. கூப்பன் யாழ்ப்பாணத்துக்கும் செல்லுமாம். கவுண்டரில் நின்றவன் தம்பி சொன்னது போலவே இந்தக் கிளையின் மெஷினில் குறியீடு ஏற்றப்படவில்லையாம். பர்கரை வந்து வாங்கிக்கொள்ளும்படி ஓர் இலக்கம் தந்திருக்கிறார்கள், முடிவுத் திகதியும் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். அன்று நின்ற ஊழியர்கள்மீது நடவடிக்கை வேண்டாம் என்று திருப்பி எழுதியிருக்கிறேன்.

தமிழில் நிபந்தனை அச்சிடுவது பற்றிக் கேட்டதற்கு மட்டும் ஒரு வரியும் பதில் இல்லை. அதே தாள் இன்னும் வீதியில் கொடுக்கப்படுகிறது, இன்று கஸ்தூரியார் வீதியில் கண்டேன். அந்த ஒரு விஷயத்தை மட்டும் வைத்து வரும் கிழமை கச்சேரிக்குப் போகிறேன். கரவெட்டி ஆசிரியர், உங்கள் வரிகளை அப்படியே கடிதத்தில் சேர்க்கலாமா?

கரவெட்டி ஆசிரியர்

தாராளமாகச் சேருங்கள். என் பெயரிலும் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், இரண்டையும் ஒன்றாகக் கொடுங்கள்.